வேக வரம்புப் பலகைக்குப் பின்னால்: தமிழ்நாட்டுச் சாலைகளில் வேகத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிராம சபைகளிலும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் "எங்கள் சாலையில் வண்டிகள் பறக்கின்றன, யாரிடம் சொல்வது?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. இது குறித்த மனுக்களில் பெரும்பாலானவை அதிகாரிகளின் அலட்சியத்தால் மட்டும் கிடப்பில் போவதில்லை. அதிகாரம் இல்லாத மேசைக்குப் போய்ச் சேர்வதாலும், முடிவெடுப்பதற்கு வேண்டிய விவரம் அவற்றில் இல்லாததாலும் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்த இரண்டு குறைகளையும் மனத்தில் வைத்தே கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எங்கள் ஊராட்சியோ நகராட்சியோ தீர்மானம் போட்டு வேக வரம்பை வைத்துவிட முடியாதா?

முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, ஒரு சாலையிலோ ஒரு பகுதியிலோ வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கும், மாநில அரசு அதற்கென அதிகாரமளித்த அலுவலருக்கும் மட்டுமே தருகிறது. உள்ளாட்சி மன்றம் தன் சொந்த அதிகாரத்தில் "இந்தத் தெருவில் 30 கி.மீ." என்று ஆணையிட இந்தப் பிரிவில் இடமில்லை. பிற நாடுகளில் நகர மன்றமே வேகத்தை முடிவு செய்யும் செய்தியைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இதனால் உள்ளாட்சிக்கு வேலையே இல்லை என்று கொள்ளக் கூடாது. தெரு உள்ளாட்சிக்குச் சொந்தமானது என்றால், அதன் அகலம், நடைபாதை, தெருவிளக்கு, வேகத்தடை, வெள்ளைக்கோடு எல்லாம் அதன் பொறுப்பே. வண்டி உண்மையில் எந்த வேகத்தில் ஓடும் என்பதைப் பலகையில் உள்ள எண்ணைவிட இவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. மேலும், மன்றமோ கிராம சபையோ நிறைவேற்றிய தீர்மானம், தனியொருவர் எழுதும் மனுவைக் காட்டிலும் ஆட்சியர் அலுவலகத்தில் எடையுள்ள தாளாகும்.

அப்படியானால் பலகை நட்டுவிட்டால் சட்டப்படி செல்லுமா?

பலகை மட்டும் போதாது, அறிவிக்கை மட்டும் இருந்தாலும் போதாது. 112-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது சாலை அல்லது பாலத்தின் தன்மை காரணமாகவோ கட்டுப்பாடு தேவை என்ற முடிவுக்கு அதிகாரி வர வேண்டும். பிறகு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, 116-ஆவது பிரிவின்படி உரிய இடங்களில் போக்குவரத்துக் குறியீட்டுப் பலகைகளையும் நிறுவ வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. தேர்த் திருவிழா, பாலப் பராமரிப்பு, குழாய் பதிக்கும் பணி போன்றவற்றுக்கு இந்த விலக்கு உதவுகிறது.

நம் ஊர்ச் சாலையோரங்களில் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதியிருக்கும் நன்கொடைப் பலகைகளை எல்லோரும் பார்த்திருப்போம். நல்லெண்ணத்தில் வைத்தவையாக இருக்கலாம், ஆனால் அவற்றை மீறியதற்காக ஒருவருக்கும் அபராதம் விதிக்க முடியாது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையமும் நடுவில் கறுப்பு எண்ணும் கொண்ட பலகைதான் கட்டளை. பள்ளிச் சிறுவர் படம் போட்ட முக்கோணப் பலகை எச்சரிக்கை மட்டுமே. முக்கோணத்தை வைத்துவிட்டு "வேகக் கட்டுப்பாடு வைத்தாயிற்று" என்று மனுதாரருக்குப் பதில் அனுப்பும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு பதில் வந்தால், வட்டம் எங்கே என்று கேட்கலாம்.

மத்திய அரசே வேகத்தை அறிவித்திருக்கும்போது மாநிலம் அதைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், கூட்டத்தான் முடியாது. மத்திய அரசு அறிவிப்பது மேல் வரம்பு. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் வெளியான மத்திய அறிவிக்கை, கார்களுக்கு விரைவுச் சாலையில் 120, நடுத்தடுப்புடன் கூடிய நான்குவழி மற்றும் அதற்கு மேற்பட்ட சாலைகளில் 100, நகராட்சி எல்லைச் சாலைகளிலும் பிற சாலைகளிலும் 70 கி.மீ. என்று வகுத்தது. நகராட்சிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் 60, மூன்றுசக்கர வாகனங்களுக்கு 50. வேகத்தை இவ்வாறு உயர்த்தியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை விசாரித்தபோது, ரத்து செய்து தீர்ப்பளித்தது. பல் மருத்துவரான ஒரு பெண் விபத்தில் நிரந்தர ஊனமடைந்த வழக்கு அது. வேகத்தைக் கூட்டுவதால் சாலையில் யார் எதை இழக்கிறார்கள் என்ற கேள்வி, இழப்பீட்டுக் கணக்கின் வழியாக நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.

மேல் வரம்பு எதுவாக இருந்தாலும், உங்கள் ஊர்ச் சாலையில் 40 அல்லது 30 என்று குறைத்து வைக்க 112(2) தரும் அதிகாரம் தனியாக நிற்கிறது. ஆகவே "மத்திய அரசு 70 என்று சொல்லிவிட்டது, நாங்கள் என்ன செய்வது?" என்று ஒரு அலுவலகம் கைவிரித்தால் அந்த விடை தவறு.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? 40, 50 என்று குத்துமதிப்பாகத்தானா?

சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. முறைப்படி செய்தால், முதல் வேலை வேக அளவீடு. நெரிசல் இல்லாத நேரத்தில், முன்னால் செல்லும் வண்டியால் தடுக்கப்படாமல் ஓடும் வண்டிகளின் வேகத்தை, ஓட்டுநர் கண்ணில் படாத இடத்தில் நின்று குறிக்க வேண்டும். நூறு வண்டிகளின் வேகத்தைக் குறித்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தினால், 85-ஆவது வண்டியின் வேகமே பொறியாளர்கள் 85 சதமான வேகம் என்று சொல்வது. நூற்றில் 85 பேர் அந்த வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ செல்கிறார்கள் என்பது பொருள். எடுத்துக்காட்டாக, அது 58 என்று வந்தால் பழைய முறைப்படி 60 என்று வரம்பை வைப்பார்கள்.

இந்த முறையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இது வண்டி ஓட்டுகிறவர்களிடம் மட்டும் நடத்தும் வாக்கெடுப்பு. பால் வாங்கச் சாலையைக் கடக்கும் பாட்டிக்கு இதில் வாக்கு இல்லை. தடுப்புகள் உள்ள புறவழிச்சாலைக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். வீடு, பள்ளி, டீக்கடை, பேருந்து நிறுத்தம், மாட்டுத் தொழுவம் எல்லாம் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் ஊர்களுக்குப் பொருந்தாது. ஆகவே அளவீட்டோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும்: கடந்த 3 ஆண்டுகளின் விபத்துகள், குறுக்கே கடப்போர் எண்ணிக்கை, வளைவில் எதிரே தெரியும் தொலைவு, சாலையோரக் கடைகள், இரவு வெளிச்சம். நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்று 2020-இல் சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டில் வெளியான ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதும் இந்தக் கண்ணோட்டத்தில்தான்.

60-ஐ 40 ஆக்குவதால் அப்படி என்ன பெரிதாக மாறிவிடும்?

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 45 மீட்டர். அதே கணக்கில் 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 25 அல்லது 26 மீட்டரில் முழுமையாக நின்றுவிடும், 30 கி.மீ. வேகத்தில் 18 மீட்டருக்குள் நிற்கும்.

அதாவது, 40-இல் வந்த வண்டி அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தில்தான் 60-இல் வந்தவர் பிரேக்கில் கால் வைக்கவே தொடங்குகிறார். குழந்தை அந்த இடத்தில் இருந்தால் ஒரு வண்டி அதைத் தொடாது, இன்னொன்று ஏறக்குறைய முழு வேகத்தில் மோதும். மழையில் நனைந்த சாலை, தேய்ந்த டயர், பின்னால் ஏற்றிய சுமை ஆகியவற்றைச் சேர்த்தால் இந்தத் தொலைவுகள் இன்னும் நீளும்.

நேர இழப்பையும் கணக்கிட்டுவிடலாம். ஊருக்குள் ஒரு கிலோமீட்டரை 60-இல் கடக்க 60 நொடி, 40-இல் கடக்க 90 நொடி. வேறுபாடு அரை நிமிடம்.

சென்னையில் 2023-இல் வேக வரம்பு மாறியதே, அது எப்படி நடந்தது?

தமிழ்நாட்டில் வேக வரம்பு மறுஆய்வு எப்படி நடக்கிறது என்பதற்கு அதுவே எல்லோருக்கும் நினைவிருக்கும் எடுத்துக்காட்டு. அந்த ஆண்டின் நடுவில், தானியங்கி வேகமானிக் கருவிகளைக் கொண்டு 40 கி.மீ. வரம்பை நடைமுறைப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் நகரமே கொதித்தது. காலியான சாலையில் 40-இல் எப்படிப் போவது என்பதுதான் பொதுவான புலம்பல். அதன்பின் வரம்புகள் மறுஆய்வு செய்யப்பட்டு, நவம்பர் மாதம் புதியவை நடைமுறைக்கு வந்தன: இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வேக வரம்பு தாளில் இருந்தவரை யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. கருவி வந்து அபராதம் வரும் என்ற நிலை வந்தபோதுதான் அந்த எண் சரியா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆக, மறுஆய்வைத் தூண்டியது நடைமுறைப்படுத்தல்தான். அடுத்தது, பத்திரிகைகள் 60 என்ற எண்ணைத் தலைப்பாக்கின. ஆனால் நகரின் தெருக்களில் பெரும் பகுதியைத் தொடுவது குடியிருப்புப் பகுதிக்கான 30 என்ற எண்தான். அந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியது தெருமுனைப் பலகை. பலகை இல்லாத தெருவில் 30 என்பது அறிவிப்போடு நின்றுவிடுகிறது.

விபத்து நடந்து உயிர் போனால்தான் மாற்றுவார்களா?

சட்டத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் நிதியும் கவனமும் ஒதுக்கும்போது விபத்துக் கணக்கு முன்னால் நிற்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், 3 ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் ஏற்படுத்திய விபத்துகள் 5 நடந்தாலோ, 10 பேர் இறந்தாலோ, அவ்விடத்தைக் கரும்புள்ளி என்று குறிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏறிய இடத்துக்கு முன்னுரிமை கிடைக்கும். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கத்தில் பங்கேற்ற ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவலர்கள் விபத்து நடந்த இடத்திலிருந்தே செயலி வழியாக விவரங்களைப் பதிவு செய்கிறார்கள். எனவே முன்பைப் போல முதல் தகவல் அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகப் புரட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு கோயம்புத்தூர்த் தொடர்பு உண்டு. அந்நகரின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளில் சிக்கி மருத்துவமனைக்கு வருவோரின் நிலையை முன்வைத்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014-இல் நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2017 நவம்பரில், ஒவ்வொரு மாவட்டத்திலும் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்பது உட்படப் பல கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை அலுவலர்கள் ஒரே மேசையில் உட்காரும் இடம் இந்தக் குழுதான். வேக வரம்பு மாற்றத்துக்கு இந்த மூவரும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், மனு இக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறுவதே பாதி வெற்றி.

எதற்கு இத்தனை சுற்று? ஒரு வேகத்தடை போட்டுவிட்டால் ஆகாதா?

சரியாகப் போட்டால் ஆகும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 25 கி.மீ. வேகத்தில் கடப்பவருக்கு அது உறுத்தாது, அதற்கு மேல் வந்தால் உறுத்தும். நாம் ஊருக்குள் பார்ப்பதோ, ஓர் அடி அகலத்தில், வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டும் உயரத்தில், வெள்ளைப் பூச்சு இல்லாமல், ஒரே இரவில் முளைத்த தார்க்கட்டி. எங்கள் தெருவில் அப்படி ஒன்று முளைத்த முதல் வாரத்திலேயே, இருட்டில் அதைக் காணாமல் வந்த ஒருவர் ஸ்கூட்டரோடு விழுந்தார். வேகத்தைக் குறைக்க வைத்தது, மெதுவாக வந்தவரையே கீழே தள்ளியது. வேகத்தடைக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும், அதன்மேல் தெரியும்படியான பூச்சும் வேண்டும். கனரக வாகனங்களும் ஆம்புலன்சும் ஓடும் முதன்மைச் சாலையில் வேகத்தடையைத் தவிர்த்து, சாலையைக் குறுக்குதல், நடுத்திட்டு அமைத்தல், உயர்த்திய நடைக்கடப்பு ஆகியவற்றைக் கேட்பது நல்லது.

தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊருக்குள் வழியாகப் போகிறது. அங்கே யாரைக் கேட்பது?

அங்கே பலகை நடும் உரிமை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் உண்டு. 2019 திருத்தத்தில் 116-ஆவது பிரிவில் இதற்கென உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆணையத்தின் உதவி எண் 1033. ஆனால் மீறுவோரைப் பிடிப்பது மாநிலக் காவல்துறைதான். ஆகவே ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் ஒரே நேரத்தில் எழுதுவது நல்லது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 198-ஏ பிரிவையும் அதே திருத்தம் கொண்டுவந்தது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் கோப்பு சற்று வேகமாக நகரும்.

மனுவை எப்படி எழுதினால் எடுபடும்?

முதலில் சாலை யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை, நகராட்சித் தெரு என்று வகைகள் உள்ளன. கிலோமீட்டர் கல்லின் நிறமே பாதி விடையைச் சொல்லிவிடும்: மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை.

பிறகு இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "எங்கள் ஊர்ச் சாலையில்" என்று எழுதினால் களஆய்வுக்கு வருபவர் எங்கே நிற்பார்? "அரசு மேல்நிலைப் பள்ளி வாயிலுக்கு வடக்கே 150 மீட்டரிலிருந்து தெற்கே அரச மரத்து நிறுத்தம் வரை" என்று எழுதினால் அலுவலர் நேரே அங்கே வந்து நிற்பார். காலை 8.30 முதல் 9.15 வரை எத்தனை மாணவர்கள் சாலையைக் கடக்கிறார்கள் என்று இரண்டு மூன்று நாள் நின்று எண்ணி எழுதுங்கள். வேகத்தையும் நீங்களே தோராயமாக அளக்கலாம். இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நாடாவால் அளந்து, வண்டி அதைக் கடக்கும் நொடிகளைக் கைப்பேசியில் குறித்தால் போதும். 50 மீட்டரை 3 நொடியில் கடந்தால் அது 60 கி.மீ. வேகம். நீதிமன்றத்தில் இது செல்லாது, ஆனால் முறையான அளவீடு தேவை என்று அதிகாரியை ஏற்கச் செய்ய இது போதும்.

விபத்து விவரத்துக்கு முதல் தகவல் அறிக்கை எண்ணும் தேதியும் தாருங்கள். கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ தீர்மானம் நிறைவேற்றி அதன் நகலை இணையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். வேண்டுகோளை இரண்டு வரிக்குள் வையுங்கள்: இந்த எல்லைக்குள் இத்தனை கி.மீ. என்று 112(2)-இன் கீழ் அறிவிக்கை, இத்தனை இடங்களில் பலகை.

வரம்பை மீறினால் என்ன தண்டனை? கண்ணால் பார்த்தே அபராதம் போடலாமா?

இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர மற்றும் கனரகப் பயணி, சரக்கு வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் என்று 183-ஆவது பிரிவு சொல்கிறது. வேகமாகப் போனதாக ஒரே ஒரு சாட்சி கண்ணால் பார்த்துக் கருதியதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியால் எடுத்த கணிப்பு வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167-ஏ விதிப்படி, அந்தக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கண்காணிக்கும் பகுதிக்கு முன்பாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், மீறல் அறிவிப்பை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

அதே 183-ஆவது பிரிவில் பலர் கவனிக்காத ஓர் உட்பிரிவும் உண்டு. வரம்பை மீறாமல் ஓட்டி முடிக்க முடியாத கால அட்டவணையை ஒருவர் வெளியிட்டால், அந்த அட்டவணையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சான்றாகும். மஃப்சல் பேருந்துகள் நிமிடக் கணக்கில் ஒன்றையொன்று துரத்தும் சாலைகளில் வசிப்போர், வரம்பைக் குறைக்கக் கேட்பதோடு நேர அட்டவணையையும் பார்க்கும்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலரைக் கேட்கலாம்.

வைத்த வரம்பை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வார்கள்?

112-ஆவது பிரிவு எந்தக் காலக்கெடுவையும் விதிக்கவில்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். சாலை அகலமாகலாம், புறவழி வரலாம், வயல் மனைகளாகலாம், புதுப் பள்ளி எழலாம். பழைய எண் அப்படியே நிற்கும். புறவழி வந்தபின் ஊருக்குள் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் வரம்பைக் குறைப்பதும், நடுத்தடுப்பும் நடைமேம்பாலமும் வந்த சாலையில் தேவையில்லாத 30-ஐ உயர்த்துவதும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்கள். காரணமில்லாமல் தாழ்ந்த வரம்பை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பழக்கம் அடுத்த பள்ளிக்கூட வாசலிலும் தொடரும். எனவே சாலை மாறியதும் மறுஆய்வைக் கேட்க வேண்டியது அங்கே வசிப்பவர்களே.

மனுவுக்குப் பதிலே வரவில்லை, அல்லது "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் வருகிறது. அடுத்து?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஏன் செய்யவில்லை என்று கேட்காமல், ஆவணங்களைக் கேளுங்கள்: அந்தச் சாலைக்கு நடைமுறையில் உள்ள வேக வரம்பு அறிவிக்கையின் நகல், கடைசியாக எடுத்த வேக அளவீட்டின் நகல், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகள், அவற்றில் உங்கள் மனு எடுத்துக்கொள்ளப்பட்ட பக்கம். அறிவிக்கையே இல்லை என்று பதில் வந்தால், அந்தத் தாளை முதல் இணைப்பாக வைத்து மனுவை மீண்டும் கொடுங்கள்.